மூன்றரை கிலோமீட்டரில் வழி தவறுமா?

கேள்வி: ஏப்ரல் 27, காலை 10.05

நாங்கள் பாயான் லெப்பாசில் குடியிருக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில், ஒன்பதும் பன்னிரண்டும் வயதான இரு பிள்ளைகளுடன் தெலுக் பஹாங்கிலிருந்து பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் நடந்து, கெராச்சுட் கடற்கரையில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று இருக்கிறோம். வாயிலிலிருந்து கடற்கரை வரை சுமார் மூன்றரை கிலோமீட்டர்தான். வழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போ என்று என் அண்ணன் வற்புறுத்துகிறார். ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்திலிருந்து கர்னி கடற்கரைச் சாலைக்கு நடக்கிற தூரத்துக்கு வழிகாட்டி எதற்கு? நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில், இவ்வளவு சிறிய காட்டில், ஒருவர் வழி தவற முடியுமா?

மறுமொழி 1: ஏப்ரல் 27, இரவு 9.40

முடியும். நான் தவறியிருக்கிறேன். அதே கடற்கரைக்குச் சற்று அப்பால், 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

மறுமொழி 2: ஏப்ரல் 28, மாலை 5.15

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வாயிலைக் கடந்து கடலோரமாகச் சுமார் அரை கிலோமீட்டர் நடந்தால் ஒரு தொங்குபாலம் வரும். பாதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். கடலை ஒட்டியே போகும் பாதை, அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையத்தைத் தாண்டி, குரங்குக் கடற்கரை என்று எல்லாரும் அழைக்கும் தெலுக் டுயோங்கிற்கும், அங்கிருந்து மேலே ஏறினால் 1883-இல் கட்டப்பட்ட முக்கா முனைக் கலங்கரை விளக்கத்துக்கும் கொண்டுசேர்க்கும். இடப்பக்கம் மேடேறிக் காட்டுக்குள் நுழையும் பாதை, தீவின் மூலையைக் குறுக்காக வெட்டி மேற்குக் கரையிலுள்ள கெராச்சுட்டில் இறங்கும். அதற்கப்பாலும் பாதை உண்டு. பூங்காவின் மிக நீளமான கடற்கரையான தெலுக் கம்பிக்கு அதில்தான் போக வேண்டும். கெராச்சுட் வரை ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்த பாதை. கண்ணை மூடிக்கொண்டும் நடக்கலாம். அதற்கப்பால் போகிறவர்கள் குறைவு, அதனால் பாதையும் மெலிந்துகொண்டே போகும்.

நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவியின் தம்பி, என் அக்காள் மகன். பையனுக்கு அப்போது பதினொரு வயது. காலை எட்டரை மணிக்கு வாயிலில் பெயர் எழுதிவிட்டுப் புறப்பட்டோம். பத்தரைக்குக் கெராச்சுட். ஆமைப் பாதுகாப்பு மையத்தைப் பார்த்தோம், நிறைந்து கிடந்த ஏரியைப் பார்த்தோம், கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட்டோம். பொழுது நிறைய இருந்ததால் தெலுக் கம்பியையும் பார்த்துவிடலாம் என்று நடந்தோம். வழியில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து பாதையை மூடிக் கிடந்தது. அதைச் சுற்றிப் போனோம். மறுபக்கம் கண்ணில் பட்ட தடத்தைப் பாதை என்று எண்ணி நடந்தோம். அது பாதை அன்று, மழைநீர் அரித்த ஓடைத்தடம் என்பது, கால் மணி நேரம் கழித்துக் காலடியில் நீர் சலசலத்தபோதுதான் உறைத்தது. திரும்பினோம், சாய்ந்த மரத்தைக் காணவில்லை.

அந்தக் காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பிரம்புக்கொடியின் முள்சாட்டை சட்டையைப் பிடித்துக்கொண்டால் ஓரடி பின்வாங்கித்தான் விடுவித்துக்கொள்ள முடியும். முன்னால் இழுத்தால் சட்டையும் தோலும் கிழியும். அப்படி நான்கு முறை பின்வாங்கித் திரும்பிய பிறகு, முதலில் எந்தப் பக்கம் பார்த்து நின்றோம் என்பதே மறந்துவிடுகிறது. கடலின் இரைச்சல் கேட்கிறதே, அதை நோக்கி நடந்தால் போதும் என்றான் மைத்துனன். நின்று கேட்டால் இரைச்சல் இரண்டு பக்கமிருந்தும் வந்தது; மழையும் பிடித்துக்கொண்ட பிறகு, இலைகளின் இரைச்சல் எது, அலையின் இரைச்சல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. கைப்பேசியில் அலைவரிசை இல்லை.

இனிக் கீழே இறங்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தேன். சரிவை ஏறி, மேட்டின் முதுகைப் பிடித்து, கடைசியில் மரத்தைக் கண்டுபிடித்தோம். கெராச்சுட்டுக்கு வந்தபோது பொழுது மங்கியிருந்தது. படகுகள் எப்போதோ போய்விட்டிருந்தன. வாயிலை அடைந்தபோது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைவிளக்கு.

ஆகவே தூரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மரம் சாய்ந்தால் போதும்.

மறுமொழி 3: ஏப்ரல் 28, இரவு 10.50

ஏரி என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கெராச்சுட் மணற்கரைக்குப் பின்புறம் உள்ள நீர்நிலையில், மலையிலிருந்து இறங்கும் நன்னீர் மேலேயும், கடலிலிருந்து ஏறி வரும் உப்புநீர் கீழேயும் தனித்தனி அடுக்குகளாகக் கிடக்கும். உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மேலடுக்கு குளிர்ந்தும் கீழடுக்கு வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரி அன்று அது. மழைக் காலத்தில் நிறையும், வறண்ட மாதங்களில் சேறாக வற்றிவிடும்.

மறுமொழி 4: ஏப்ரல் 29, இரவு 8.30

ஒரு வாசகர் கணக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார்: எட்டரைக்குப் புறப்பட்டு, பத்தரைக்குக் கெராச்சுட் சேர்ந்து, ஒரு மணி நேரம் இளைப்பாறிவிட்டுக் கிளம்பி, இரண்டு மணி நேரம் வழி தவறினாலும் மூன்று மணிக்குள் கெராச்சுட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டுமே, இருட்டு எங்கிருந்து வந்தது?

நியாயமான கேள்வி. இத்தனை ஆண்டுகளாக இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லி வருகிறேன். ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. மைத்துனனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் சிரித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எட்டரைக்கு நாங்கள் தெலுக் பஹாங்கிலேயே இல்லையாம். ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடையின் முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தோமாம். காட்டில் நடப்பவனுக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவன் நானாம். மீன்சினை வரும் வரை காத்திருப்போம் என்றதும் நான்தானாம். கண்டார் என்பது அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் இருபுறம் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்ற காவுதடி. அன்று நான் சுமந்ததெல்லாம் தோளில் இல்லை, வயிற்றில்.

மீன்சினை நினைவிருக்கிறது. வரிசை நினைவில்லை.

மறுமொழி 5: மே 1, பிற்பகல் 3.20

தொழிலாளர் நாள் விடுமுறை என்பதால் பழைய வட்டுகளைத் துருவி அன்றைய படங்களைக் கண்டெடுத்தேன். கேமரா ஒவ்வொரு படத்திலும் மணியைப் பதித்திருக்கிறது. வாயிலில் மூவரும் நிற்கும் படம் 9.50. கெராச்சுட் மணலில் பையன் குதிக்கும் படம் 11.55. ஆக, புறப்பட்டது எட்டரையும் அன்று, மைத்துனன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவது போல் நண்பகலும் அன்று, ஏறத்தாழப் பத்து. மானம் பாதி தப்பியது.

இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டியிருக்கிறது. ஏரி நிறைந்து கிடந்தது என்று எழுதினேன். படத்தில் இருப்பது சேற்றுத் தரையும், நடுவில் ஒரு குட்டையும், அதன் ஓரத்தில் ஓர் உடும்பும். நிறைந்த ஏரியைப் பின்னொரு நவம்பரில் பார்த்தேன் போலிருக்கிறது. இரண்டு பயணங்களையும் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறேன்.

ஆனாலும் கணக்கு இன்னும் உதைக்கிறது. பத்து மணிக்குப் புறப்பட்டிருந்தாலும் இருட்டு ஏன்?

மறுமொழி 6: மே 1, இரவு 11.05

என் மனைவி தோளுக்கு மேலாக இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்தக் கேமராவை அதற்கு முன் எங்கே கொண்டுபோனோம்?

பழனிக்கு. அந்த ஆண்டு மார்ச்சில். விமானம் இறங்கியதும் கேமராவின் மணியை இந்திய நேரத்துக்கு மாற்றியதும் நானேதான். திரும்பி வந்த பிறகு அதை மீண்டும் மாற்றியதாக இருவருக்கும் நினைவில்லை. இந்தியாவை விட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆக 9.50 என்பது நம் நேரப்படி 12.20.

மறுமொழி 7: மே 2, மாலை 6.45

நேற்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. கேமராவின் மணியை நம்பாதே என்று சொல்கிற மனைவியை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று தோன்றியது. வாயில் படத்தை மீண்டும் எடுத்து நிழலைப் பார்த்தேன். காலை ஒன்பதே முக்காலுக்கு நின்றவனின் நிழல் அவன் உயரத்தை விட நீண்டிருக்க வேண்டும். படத்தில் எங்கள் நிழல்கள் எங்கள் உயரத்தில் பாதிகூட இல்லை; நாய்க்குட்டிகள் போல் காலடியில் சுருண்டு கிடக்கின்றன. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஜூன் மாதத்தில் ஏறத்தாழ ஒன்றே காலுக்கு. ஆகவே 12.20 சரிதான். வழக்கு முடிந்தது.

இனி எல்லாம் பொருந்துகிறது. பன்னிரண்டே காலைத் தாண்டிப் புறப்பட்டோம். வெயில் உச்சியில் இருந்ததால் மெதுவாக நடந்தோம். கெராச்சுட் சேர்ந்தது 2.25. சாப்பிட்டு, ஆமை மையத்தைப் பார்த்து, தெலுக் கம்பிக்குக் கிளம்பியபோது மூன்றே கால் ஆகியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் மழை மேகம் திரள்கிற நேரம் அது. மழை பிடித்தது நான்கரை வாக்கில். வழி தவறிச் சுற்றியது ஆறரை வரை. ஜூன் மாதத்தில் சூரியன் மறைவது ஏழரைக்கு. ஆனால் மரங்களுக்கு அடியில், அதுவும் மழைமேகத்தின் கீழ், அதற்கு அரை மணி முன்பே இருட்டு விழுந்துவிடும்.

சாய்ந்த மரத்தின் மீது இத்தனை ஆண்டுகளாகப் பழி போட்டிருக்கிறேன். காலை எட்டரைக்குப் புறப்பட்டு அதே மரத்தைச் சந்தித்திருந்தால், அதே இரண்டு மணி நேரம் சுற்றியிருந்தாலும், பிற்பகல் தேநீருக்கு வாயிலுக்கு வந்திருப்போம். கல்யாண வீடுகளில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. வழி தவறியது நான்கரை மணிக்கு அன்று, ஜார்ஜ்டவுனில், இரண்டாவது தட்டு சோறு வாங்கியபோது.

கேள்வி கேட்டவருக்கு: ஒரு மரம் சாய்ந்தால் போதும் என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

மறுமொழி 8: மே 4, இரவு 9.10

எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என் அப்பா சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. அவர் கெடா மாநிலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பது காரணம். அன்று கடிகாரத்துக்கு மட்டும் அரை மணி கிடைத்தது, காட்டுக்குக் கிடைக்கவில்லை என்பார் அப்பா. மாலை ஆறு மணிக்குப் பளீரென்று வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாந்து காட்டுக்குள் நிற்காதே, நிழலைப் பார், அது உன்னை விட நீண்டுவிட்டால் வீட்டைப் பார்த்து நட என்பது அவர் சட்டம். அடர்ந்த காட்டுக்குள் நிழலே விழாது என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை; தோட்டத்தில் மரங்கள் வரிசையாக நிற்கும்.

என் வழக்கம் இதை விட எளிது: போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு முகத்தைத் திருப்பிவிடுவேன். 2008-க்குப் பிறகு வந்த வழக்கம் இது.

இதே அப்பா, தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் அறுபத்தெட்டு வயதில் வெறுங்காலோடு ஏறியவர். கொடிமலைக்கு, அதாவது பினாங்கு மலைக்கு, ஜீப் சாலையில் நடந்து போகலாம் வாருங்கள், மொத்தம் ஐந்து கிலோமீட்டர்தான் என்று ஒருமுறை அழைத்தேன். மேலே யார் இருக்கிறார் என்று கேட்டார். யாரும் இல்லை, காற்று நன்றாக இருக்கும் என்றேன். அப்படியானால் ரயிலில் போகலாம் என்றார்.

மறுமொழி 9: மே 5, பிற்பகல் 2.30

வழி தவறினால் ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும், தண்ணீர் எப்படியும் மனிதர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் வளர்ந்த எல்லாரும் கேட்டு வளர்ந்த அறிவுரை இது. அன்று ஓடைத்தடத்தில் நான் பிடிவாதமாக இறங்கிக்கொண்டிருந்ததற்கும் இதுதான் காரணம். ஆனால் அந்த ஓடை எங்கே போகிறது என்று பாருங்கள். தீவு முழுவதும் கருங்கல். மேற்குக் கரையில் கடற்கரைகளுக்கு நடுவே, வீட்டளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலுக்குள் உருண்டு கிடக்கும் முனைகள் நீள்கின்றன. ஓடை உங்களைச் சரியாகக் கடலுக்குத்தான் கொண்டுபோகும்; அங்கே மணலும் இராது, பாதையும் இராது, பாசி படிந்த பாறையும் ஏறும் அலையும் இருக்கும். வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டால், உங்களைத் தேடி வருகிறவர்கள் பாதையில் தேடுவார்களே ஒழிய அந்தப் பள்ளத்தில் தேட மாட்டார்கள்.

பெருநிலத்தின் காட்டில் இந்த அறிவுரை இன்னும் மோசம். உலு லாங்காட்டின் பங்சூனிலிருந்து 1,493 மீட்டர் உயரமுள்ள குனோங் நுவாங்குக்கு இரண்டு முறை ஏறியிருக்கிறேன். அங்கே முகட்டிலிருந்து தவறான பக்கம் வழியும் ஓர் ஓடையைப் பிடித்தால், நீங்கள் புறப்பட்ட ஊருக்கு நேர் எதிர்ப்புறம், மலைத்தொடரின் மறுபக்கத்தில் இறங்குவீர்கள்.

நின்றுவிடுவதுதான் சரி. உறுதியாகத் தெரிந்த கடைசி இடம் எது என்று நினைவுபடுத்திக்கொண்டு அதற்குத் திரும்ப வேண்டும். அது முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருந்து ஊதலை ஊத வேண்டும். இதைச் சொல்வது எளிது. மழையில் நனைந்துகொண்டு நிற்கும்போது கால்கள் தாமாகவே நடக்கும்; நடந்துகொண்டிருக்கும் வரை வழி தவறவில்லை என்று மனம் நினைத்துக்கொள்கிறது.

மறுமொழி 10: மே 5, இரவு 10.00

அட்டைகளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பினாங்கின் கடலோரப் பாதைகளில் எனக்கு அட்டை கடித்தது மிகக் குறைவு. அட்டையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நுவாங்குக்குப் போகலாம். வழியில் உள்ள ஒரு முகாமின் பெயரே கெம் பச்சாட், அதாவது அட்டை முகாம். கடித்தால் நெருப்பு வைக்காதீர்கள், உப்பும் போடாதீர்கள். உள்ளே இழுத்ததை அது காயத்திலேயே கக்கக்கூடும். நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி வாயை விடுவித்துவிட்டால் போதும். அதன் எச்சில் குருதியை உறையவிடாது என்பதால் சற்று நேரம் வழிந்துகொண்டிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. என் பாட்டி வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவுவார். அட்டை விழுந்துவிடும், தோலும் வெந்துவிடும்.

காலணி பற்றி: ரப்பர்த் தோட்டத்தில் போட்டுக்கொள்ளும் கறுப்பு ரப்பர்க் காலணியை, கம்போங் அடிடாஸ் என்று கேலியாகச் சொல்வார்களே, அதையே வாங்குங்கள். ஈரக் களிமண்ணில் அதைப் போல் பிடிப்பது வேறொன்றில்லை. ஈரப் பாறையில் மட்டும் கவனம். நான் 2008-இல் போட்டிருந்தது விலையுயர்ந்த ஓட்டக் காலணி. அதன் அடிப்பாகம் கெராச்சுட்டிலேயே வாயைப் பிளந்துவிட்டது.

மறுமொழி 11: மே 7, இரவு 7.55

அக்காள் மகன் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டான். இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். மாதம் ஒரு மலையாவது ஏறுகிறான். அவன் அனுப்பிய செய்தி இது: "மாமா, நீங்கள் முடிவெடுக்கவில்லை. நான் உட்கார்ந்தேன்."

இதை இரண்டு நாள் யோசித்தேன். உண்மைதான். இரண்டாவது மறுமொழியில், இனிக் கீழே இறங்கக் கூடாது என்று நான் முடிவெடுத்ததாக எழுதியிருக்கிறேன். நடந்தது வேறு. நானும் மைத்துனனும் இடமா வலமா என்று குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது, பையன் ஓர் ஆளுயரக் கறையான் புற்றின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இனி ஓரடியும் நடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கத்தினேன். தூக்கிச் சுமக்கப் போவதாக மிரட்டினேன். அசையவில்லை. வேறு வழியின்றி நாங்களும் உட்கார்ந்தோம். பத்து நிமிடம் ஒருவரும் பேசவில்லை. அதற்குள் மழையும் ஓய்ந்தது. இலைகளின் இரைச்சல் அடங்கியதும் அலையின் இரைச்சல் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தது.

அதோடு முடியவில்லை. இந்தப் புற்றை நாம் ஏற்கெனவே பார்த்தோம், அப்போது இது என் இடக்கைப் பக்கம் இருந்தது என்றான் அவன். நாங்கள் இருவரும் புற்று எதையும் பார்த்ததாக நினைவில்லை. பதினொரு வயதுப் பையனின் கண் தரையோடு இருக்கிறது. பெரியவர்கள் கடிகாரத்தையும் கைப்பேசியையும் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். புற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சரிவேறினோம். இருபது நிமிடத்தில் சாய்ந்த மரம்.

இத்தனை ஆண்டுகளாக ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். கல்யாண வீட்டில் எல்லாரும் இருக்கும்போது எப்படித் திருத்துவது என்று எழுதினான்.

மறுமொழி 12: மே 8, காலை 7.20

கேள்வி கேட்டவர், எல்லாம் சரி, நான் கேட்டதற்குப் பதில் எங்கே என்கிறார்.

கெராச்சுட்டோடு நிறுத்திக்கொள்வதானால், பகலில், உங்களுக்கு வழிகாட்டி வேண்டாம். அதைத் தாண்டிப் போவதானால் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். மழைக்குப் பிறகு பாதைகளை மூடிவைப்பதும் உண்டு. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழைக்குப் பின் மலைச்சரிவுகள் எந்நிலையில் கிடந்தன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே கிளம்பும் முன் வாயிலில் உள்ள அலுவலகத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டு, இரவு தங்குவதற்கான அனுமதியையும் பெற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அண்ணனிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்துக்குள் உங்கள் குரல் வரவில்லை என்றால் அவர் அவசர எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும். எங்களைத் தேட வேண்டும் என்பதே அன்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் சினிமாவுக்குப் போயிருப்பதாக என் மனைவி நினைத்துக்கொண்டிருந்தார்.

இரவில் கடற்கரையில் விளக்கடிக்காதீர்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள் முட்டையிட ஏறிவரும் கரை அது. வெளிச்சம் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும், குஞ்சுகளோ கடலென்று நினைத்து வெளிச்சத்தின் பக்கம் ஊர்ந்துவிடும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். குரங்குகள் கூடாரத்தின் இழுவையைத் திறக்கத் தெரிந்தவை, தெரியாதவை கிழிக்கும். நீந்த வேண்டாம், ஜெல்லிமீன்களும் நீரோட்டமும் உண்டு. ஆளுக்கொரு கைவிளக்கு, ஆளுக்கொரு ஊதல், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். திரும்பும்போது பிள்ளைகள் களைத்துவிட்டால் தெலுக் பஹாங்கிற்குப் படகு அமர்த்திக்கொள்ளலாம்; ஆனால் கடல் கொந்தளித்தால் படகு வராது என்பதால், நடந்தே திரும்பும் அளவுக்குப் பொழுதை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் நீங்களும் உட்காருங்கள்.

மறுமொழி 13: ஜூன் 3, இரவு 9.25

கேள்வி கேட்டவர், குடும்பத்தோடு போய் வந்துவிட்டதாக எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆமை எதுவும் வரவில்லையாம். ஒரு குரங்கு ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாம். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்ததாம். ஏரியில் நீர் முழங்கால் அளவு இருந்ததாம்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பக்கம் ஒரு வேலை செய்திருக்கிறது. அக்காள் மகன் வருகிற சனிக்கிழமைக்கு ஊருக்கு வருகிறான். மூவரும் தெலுக் கம்பிக்குப் போகிறோம். மைத்துனன் வழி தெரிந்த மீனவர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறான். காலை ஏழு மணிக்கு, இம்முறை மலேசிய நேரப்படி, வாயிலில் சந்திக்க வேண்டும் என்பது பையனின் உத்தரவு. நாசி கண்டாரை வெள்ளிக்கிழமை இரவே தாப்பாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி வாங்கி, வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். மீன்சினைக்குக் காத்திருக்கக் கூடாதாம்.